உடம்பும் உடுப்பும்

நம்ம இதழ்களில் கவிதைக்கு விமர்சனம் வருகிறது. நாவலுக்கு வருகிறது. சினிமாவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுகிறோம். படத்தைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. கட்டுரை முடிந்து அரைப் பக்கம் மிச்சமிருந்தால் ஒரு கோட்டோவியம், அட்டைக்கு ஒரு புகைப்படம், அத்தோடு சரி. வரைந்தவர் பேரைப் போடுவோம். எடுத்தவர் பேரைச் சில சமயம் போடுவோம். படத்தில் இருக்கிற ஆளின் பேரைப் போட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. ‘ஒரு தலித் மூதாட்டி’, ‘சேரிச் சிறுவன்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கிழவிக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்காதா?

நான் ஓவியம் படித்தவன் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு, எலெக்ட்ரிக் ட்ரெய்ன் பிடித்து எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகம், கவின்கலைக் கல்லூரி, கிரீம்ஸ் ரோடு லலித்கலா அகாதெமி என்று எங்கே படம் மாட்டினாலும் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறவன். ‘இதுல இன்னா சார் புரியுது உங்களுக்கு’ என்று காவல்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இருபது இருபத்தைந்து வருசம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அதை இங்கே வைக்கிறேன், தோழர்கள் சண்டைக்கு வரலாம். மற்றவர்கள் நம்மைப் படமாக்கியபோது நம் உடம்பைப் பார்த்தார்கள். நாம் நம்மைப் படமாக்கிக்கொண்டபோது உடுப்பைப் பார்த்தோம். நவீன ஓவியம், நவீன புகைப்படம் என்று தமிழில் பேசப்படுகிற அழகியல் முழுக்க முதல் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இரண்டாவது பக்கத்தைப் ‘பாமர ரசனை’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

இரண்டாவது பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் ஆயாவும் தாத்தாவும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்று இருக்கிறது. ஐம்பதுகளில் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் மாடிப்படி, பூந்தொட்டி. இரண்டு பேருமே வாழ்நாளில் மாடிப்படி வைத்த வீட்டில் இருந்ததில்லை. தாத்தா கோட்டுப் போட்டிருக்கிறார். ஸ்டுடியோக் கோட்டு, கை நீளம், விரல் நுனிதான் தெரிகிறது. கீழே கணுக்கால் வரை வேட்டி, காலில் செருப்பு. கையில் குடையை மடக்கிப் பிடித்திருக்கிறார். கிராப்பு வெட்டிய தலையில் எண்ணெய் வழிய வகிடு. ஆயா முழங்கை வரைக்கும் ரவிக்கை போட்டு, தலையில் பூ வைத்து, கழுத்தில் சங்கிலி போட்டிருக்கிறாள். சங்கிலி கவரிங்கு, அதுவும் இரவல் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். படத்தில் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தப் படத்தைக் கலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லாமல்தான் இருந்தேன், ஹட்டன் பதிவு செய்த ஒரு பட்டியலைப் படிக்கும் வரைக்கும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் பூணக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்கள் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

இப்போது அந்த ஸ்டுடியோப் படத்தை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மண்பாண்டம் ஒன்றைத் தவிர்த்து மிச்ச எல்லாத் தடையும் அந்த ஒரே படத்தில் உடைந்து கிடக்கிறது. எங்கள் ஊர் ராமநாதபுரம் இல்லை, மதுராந்தகம் பக்கம். அங்கே பட்டியல் போட்டு யாரும் ஒட்டவில்லை. ஒட்டாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாத்தா அந்தச் செருப்பை ஊர்த் தெரு வந்ததும் கையில் எடுத்துக்கொள்வார் என்று ஆயா சொல்லியிருக்கிறாள். ஸ்டுடியோவுக்குள் மட்டும் கழட்டவில்லை. இரவல் கோட்டு, இரவல் சங்கிலி, திரையில் வரைந்த மாடிப்படி எல்லாம் பொய்தான். ஆனால் எதற்கு எதிராகச் சொன்ன பொய் என்று கேட்காமல் ‘போலி’ என்று தீர்ப்பெழுதுகிறவன் படத்தைப் பார்க்கவில்லை, தன் ரசனையைத்தான் பார்க்கிறான்.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் காலத்தில் அந்த நாட்டிலேயே அதிகம் புகைப்படம் எடுத்துக்கொண்ட மனிதர் என்கிறார்கள். கோட்டு, டை, உற்றுப் பார்க்கிற கண். படத்தில் சிரிக்கவே மாட்டார். சிரிக்கிற கறுப்பன் வெள்ளைக்காரனுக்குப் பிடித்த படம் என்பது அவருக்குத் தெரியும். 1900-ல் பாரிஸ் கண்காட்சிக்கு டு பாய்ஸ் கொண்டுபோன நூற்றுக்கணக்கான புகைப்படங்களிலும் தொப்பி, கவுன், கோட்டு என்று நிமிர்ந்து உட்கார்ந்த கறுப்பின மக்களே இருந்தார்கள். அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946-ல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். எங்கள் தாத்தாவுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. செங்கல்பட்டு ஸ்டுடியோவில் அவர் நின்ற நிலை மட்டும் அதே நிலை.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். 1856-ல் மதராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியைத் தொடங்குவதில் முன்நின்றவர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850-ல் அவர் ஆரம்பித்த கலைப்பள்ளிதான் இன்றைய கவின்கலைக் கல்லூரி. ஆக ஓவியமும் புகைப்படமும் நம்மூரில் கிட்டத்தட்ட ஒரே வாசலில் நுழைந்தவை. அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1876-78 தாது வருசப் பஞ்சத்தில் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான சனங்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து அன்றைக்கே கேள்வி கேட்டிருக்கிறார்கள். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளவெடுத்தார், சாதிவாரியாகப் படம் பிடித்தார். 1909-ல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளை இன்றும் ஆய்வு மாணவர்கள் புரட்டுகிறார்கள். அவற்றில் ஆளுக்குப் பேர் கிடையாது, சாதிக்குத்தான் பேர் உண்டு. நம் இதழின் ‘ஒரு தலித் மூதாட்டி’ அங்கிருந்து நடந்து வந்தவள்தான்.

வெள்ளைக்காரனை விடுவோம். மெரினாவில் இருக்கிற உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறந்தார்கள். சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடிய கடற்கரையில் அது நிற்பது பொருத்தம்தான். நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். முதுகு, தொடை, புஜம் எல்லாம் முறுக்கேறி நிற்கிறது. நல்ல சிற்பம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூலி உயர்வு கேட்டுப் போன கூட்டத்தில் அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த நான்கு பேருக்கும் இடுப்பில் ஒரு முழத் துணிதான். உழைப்பு என்றால் உடம்பு. உடம்பு என்றால் அம்மணம். தொழிலாளியை மகத்துவப்படுத்த நினைத்த கலைஞனுக்கும் சட்டை போட்ட தொழிலாளி தோன்றவில்லை.

ஆதிமூலம் இன்னும் நுட்பமான விஷயம். சிறுபத்திரிகை வாசகனுக்கு நவீன ஓவியம் என்றால் முதலில் அவர்தான். புத்தக அட்டைகளும் தலைப்பெழுத்துகளும் அவர் கையால் மாறின. 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி வரிசையை மறுபதிப்புகளில் பார்த்துப் பிரமித்திருக்கிறேன். நான்கைந்து கோட்டில் விலா எலும்பு, கைத்தடி, நடை. மேல்துணி இல்லாத அந்த மாரை அவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் வரைந்ததில்லை. அங்கேதான் எனக்கு இடறுகிறது. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்தார். அவர் கழட்டியது அவருடைய சட்டை, அதனால் அது தியாகம். ஒன்பது வருசம் கழித்து அதே மதுரைக்குப் பக்கத்து ஜில்லாவில் நம்மாள் சட்டை போடக் கூடாது என்று தடை வருகிறது. துறப்பதற்கு முதலில் ஒன்று இருக்க வேண்டும், இல்லீங்களா? நவீன ஓவியத்தின் அந்த அழகான வெற்றுடம்பு, கழட்ட முடிந்தவனின் உடம்பு. கோடு அற்புதம்தான். அந்தக் கோட்டை நம் தாத்தாவின் மாரில் போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அம்பேத்கரை நமக்கு வரைந்து கொடுத்தவர்கள் இந்த வரிசையில் வரவில்லை. பேனர் ஓவியர்கள் கொடுத்தார்கள். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துத் தெருக்களில் அவர்கள் கைதான் ஓடியது. சின்ன போட்டோவின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை நகர்த்துவார்கள். ஏப்ரல் 14-க்கு முந்தின ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கோட்டுக்கு நீலம் அடிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முகத்துக்குச் செலவழித்த நேரத்தைவிடக் கோட்டு மடிப்புக்கும் டை முடிச்சுக்கும் அதிக நேரம் போகும். சட்டைப்பையில் பேனா, கையில் புத்தகம், நீட்டிய விரல். காலனி முனையில் நிற்கிற சிமெண்டுச் சிலையும் அப்படித்தான். கை கொஞ்சம் குட்டை, தலை கொஞ்சம் பெரிசு, கோட்டு மட்டும் சரியாக இருக்கும். ‘அழகியல் உணர்வே இல்லாத சிலைகள்’ என்று ஒரு கலை விமர்சகர் கூட்டத்தில் பேசக் கேட்டேன். தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் அந்தச் சிலையை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? அழகியல் இல்லாத ஒரு சிமெண்டு பொம்மையைப் பார்த்து யாருக்கு இவ்வளவு எரிகிறது? உடைக்க வருகிறவன் கோட்டின் அர்த்தத்தைச் சரியாகப் படித்திருக்கிறான். விமர்சகருக்குத்தான் பிடிபடவில்லை.

சோழமண்டலத்தைச் சொல்லாமல் தென்சென்னைப் புறநகரில் ஓவியம் பேச முடியாது. கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய கிராமம். அரசிடம் கையேந்தாமல், பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, தாங்களே வீடு கட்டிக்கொண்டு வரைந்தார்கள். இந்தியாவில் வேறெங்கும் கேள்விப்படாத கூட்டு முயற்சி அது. அதை நான் மதிக்கிறேன். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டமும், எழுத்துப் போலவே இருந்து எழுத்தாகாத கிறுக்கல்களும் துணி முழுக்க நிரம்பியிருக்கும். படிக்க முடியாத எழுத்தின் அழகு என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆயாவுக்குப் பஸ் போர்டு, ரேஷன் கார்டு, கடன் பத்திரம் எல்லாமே அப்படித்தான் தெரிந்தன. அதில் அவள் அழகைக் காணவில்லை. கைநாட்டு வைத்த இடத்தைத்தான் கண்டாள். பணிக்கர்மேல் இது குற்றச்சாட்டு இல்லை. அவர் தேடியது மேற்கை நகலெடுக்காத ஒரு மொழி, கண்டும்பிடித்தார். ஆனால் அந்த மொழிக்கான சரக்கு ஜாதகத்திலிருந்தும் ஓலைச்சுவடியிலிருந்தும் யந்திரத்திலிருந்தும் வந்தது. ‘இந்தியத் தன்மை’ தேடிப் போனவர்கள் போய் நின்ற வீட்டு வாசல் எது என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தொழிலுக்குத் திரும்பிய ஓவியனுக்குக் கிடைத்த மரியாதை, கைத்தொழிலை விட்டு ஓட முடியாதவனுக்குக் கிடைக்கவில்லை. சோழமண்டலத்துக்கு மேற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியின் பேரால் ஆன ஊர். எங்கப்பா பல்லாவரம் பக்கத்தில் ஒரு டேனரியில் இருபத்திரண்டு வருசம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றார். குரோம் ஏறிய தோல் ஈரத்தில் வெளிர்நீலமாக இருக்கும், அந்த நீலம் அவருடைய வேட்டியில் ஒட்டி வரும். தோலைக் கையால் தடவி, எந்த இடத்தில் மெலிசு, எந்த இடத்தில் உண்ணி கடித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்தக் கையைக் ‘கலைஞனின் கை’ என்று யார் சொன்னார்கள்?

அப்பா வேலை செய்கிற மாதிரி ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. கல்யாணப் போட்டோ, ரேஷன் கார்டுக்கு எடுத்தது, அவ்வளவுதான். அவரே விரும்ப மாட்டார். ‘தொட்டில நிக்கறத போய் போட்டோ புடிப்பியா’ என்று அடிக்கவே வருவார். ஸ்டுடியோக் கோட்டுக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்கினாலும் அதன் ஊனம் இங்கேதான் இருக்கிறது. கோட்டு அவமானத்தை மூடுகிறது, கூடவே அவமானப்படுத்தியவனையும் மூடிவிடுகிறது. நம் கௌரவத்துக்காக நாம் எடுக்காமல் விட்ட படங்கள் இல்லாததால், நம் அப்பன்மார் செய்த வேலைக்கே சாட்சி இல்லாமல் போய்விட்டது. தொண்ணூறுகளில் நம் இதழ்களில் ஒரு குரல் ஓங்கி வந்தது. எதை அசிங்கம் என்று ஒதுக்கினார்களோ அதையே தூக்கிப் பிடிப்போம், மாட்டுக்கறியும் பறையும் வசவும் நம் கலகம் என்றார்கள். எழுத்தில் அது சாதித்ததை யாரும் மறுக்க முடியாது. படத்தில் அது எடுபடவில்லை. அசிங்கத்தைக் காட்டும் படத்தை எடுக்கிறவன் கலகக்காரனாகிறான். அதில் நிற்கிறவன் பழையபடி அம்மணமாகவே நிற்கிறான்.

எங்கம்மா ஒரு விமர்சகி. அவளைப் பற்றி எழுத வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய மருத்துவமனையில், 1993-க்குப் பிறகு எய்ட்ஸ் நோயாளிகள் வெளி மாநிலங்களிலிருந்துகூட வரத் தொடங்கினார்கள். கூடவே கேமராக்காரர்களும் வந்தார்கள். அம்மா அப்போது ஸ்டேஷன் பக்கம் இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். பின்னால் ஒருநாள் நான் வாங்கி வந்த ஒரு பத்திரிகையில் முழுப்பக்கக் கறுப்பு-வெள்ளைப் படம். கட்டிலில் ஒரு பையன், எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. ஜன்னல் வெளிச்சம் அப்படி விழுந்திருந்தது. எனக்கு உள்ளே என்னவோ செய்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: ‘அந்தப் புள்ள சட்டைய யாரு கழட்டுனது? எங்கிட்ட இட்லி வாங்க வர்ற எல்லாம் சட்ட போட்டுனுதானடா வர்றாங்க. இந்தாளு வந்தாத்தான் கழட்டுவாங்களா?’

ஒளி, நிழல், சட்டகம் என்று நான் படித்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. அன்றிலிருந்து துயரப் படம் எதைப் பார்த்தாலும் அம்மா கேட்டதைத்தான் முதலில் கேட்கிறேன். சட்டையை யார் கழட்டியது? அவனாகக் கழட்டினானா, வேலைக்காகக் கழட்டினானா, படத்துக்காகக் கழட்டினார்களா?

2021-ல் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் ஏ-கில், கத்ரா என்கிற ஓவியர்கள் எய்ட்ஸ் ஒதுக்கலுக்கு எதிராக ராட்சத முகங்களை வரைந்தார்கள். சுவர் நீளத்துக்கு முகங்கள், அதில் யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று தெரியாது. அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் அது. நோயைக் காட்ட நோயாளியை உரிக்கத் தேவையில்லை என்று தெரிந்த ஓவியர்கள் அவர்கள்.

அதற்கு முந்தின வருசம், 2020-ல், கண்ணகி நகரில் சுவரோவியங்கள் வந்தன. ஸ்டார்ட் இந்தியா அமைப்பும், ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனியும், மாநகராட்சியும் சேர்ந்து செய்தது. கண்ணகி நகரைத் தோழர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2000-லிருந்து கூவக்கரை, அடையாற்றுக்கரை என்று நகரத்தின் நடுவிலிருந்த சேரிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொட்டினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைகள் விலாசத்தில் ‘கண்ணகி நகர்’ என்று எழுதப் பயந்து துரைப்பாக்கம் என்று எழுதுவார்கள். அந்தச் சுவர்களில் பூ, பறவை, வண்ணக் கட்டங்கள், சிரிக்கிற குழந்தை முகங்கள் எல்லாம் வந்தன.

நான் ரெண்டு தரம் போனேன். முதல்தரம் கோபத்தோடு போனேன். வீடு ஒரு அறை, முகம் மூணு மாடி. சுவருக்குப் பெயின்ட் அடித்தால் ஆச்சா, படிக்கட்டில் சாக்கடை ஓடுதே என்றேன். கூட வந்த தோழர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார்கள். அங்கே ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: ‘நீங்க சொல்றதெல்லாம் கரெக்டு சார். ஆனா மின்ன எல்லாம் சவாரி வரவே பயப்படுவான். இப்ப படம் பாக்கணும்னு வரான். தண்ணி வரலேன்னா அது வேற சண்ட, அத நாங்க போட்டுனுதான் கீறோம்.’ இரண்டு சண்டையையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை. நாங்கள்தான் குழப்பிக்கொண்டிருந்தோம். இருந்தாலும் என் மனக்குறை தீரவில்லை. அந்தச் சிரிக்கிற முகங்களை விளம்பரப் படத்தில் காண்கிறபோது, டக்ளஸ் ஏன் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் வருகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய அணியின் துணைக் கேப்டன், அதே கண்ணகி நகர் கார்த்திகா. இந்திய அணியின் சட்டையோடு அந்தப் பெண் பேப்பரில் வந்தபோது, கண்ணகி நகரின் எல்லாச் சுவரையும்விட அந்தச் சின்னப் படம் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. மறுபடி உடுப்புத்தான். என் புத்தி அப்படி.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு வழியைச் சில இளைஞர்கள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதுரைக்காரர் எம். பழனிக்குமார், மீன் விற்கிற ஒரு அம்மாவின் மகன். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு, அது 2017-ல் வந்தது, கேமராவைத் தூக்கியவர். துப்புரவுத் தொழிலாளர்களை வருசக்கணக்காகத் தொடர்கிறார். பாரி இணைய இதழும் தயானிதா சிங்கும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் பெற்றார். விருதுக்காகச் சொல்லவில்லை. அவர் படங்களில் மூன்று விஷயம் பார்த்தேன். பேர் இருக்கிறது, கீழே எழுதியே இருக்கிறது. படத்தில் இருக்கிறவர் பெரும்பாலும் நம்மைப் பார்க்கிறார், நாம் அவரை ஒளிந்து பார்க்கவில்லை. கேமரா சாக்கடை வாயோடு நின்றுவிடாமல் வீட்டுக்கும் போகிறது. செத்தவரின் மனைவி, பிள்ளைகள், மடியில் அவருடைய படம். வேலைக்காகச் சட்டையைக் கழட்டியவனை அவர் மறைக்கவில்லை. அவனுக்குச் சட்டை போட்ட வாழ்க்கையும் இருந்தது என்பதையும் விடவில்லை.

இந்தப் படங்களுக்கு வேறு வேலையும் இருக்கிறது. மலக்குழியில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது, 2023-ல் அதை முப்பது லட்சமாக்கியது. ஆனால் செத்தவன் குழியில் இறக்கப்பட்டான் என்று காட்ட வேண்டுமே. சாட்சி இல்லையென்றால் ‘தவறி விழுந்தான்’ என்று எழுதி மூடப் பார்ப்பார்கள். கௌரவம் பார்த்து எடுக்காமல் விட்ட படத்துக்கு இது விலை.

வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் வேறு மாதிரி. ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்தவர், கொரோனாக் காலத்தில் வீட்டுக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே எடுத்தார். அவருடைய பாட்டி பள்ளிக்கூடம் தொடங்கிய பெண்மணி. அந்த வீட்டுக்குள் ஓய்வு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, சும்மா இருப்பது இருக்கிறது. தலித் சும்மா உட்கார்ந்திருக்கிற படத்தை நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? ஒன்று உழைக்கணும், இல்லை அழணும், இல்லை பறை அடிக்கணும். இதைத் தாண்டி ஒரு மத்தியானத் தூக்கத்தைக்கூட நமக்கு யாரும் படத்தில் தரவில்லை.

செத்தவர்களின் மடிப்படங்களைப் பற்றி ஒரு சங்கதி. தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு டிஜிட்டல் ஸ்டுடியோவில் பார்த்தது. குழி வேலைக்குப் போய்ச் செத்த ஒருவரின் ஆதார் கார்டோடு அவர் மனைவி வந்திருந்தார். இருக்கிற ஒரே படம் அதுதான். கடைக்காரப் பையன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கம்ப்யூட்டரில் வரிசையாக வைத்திருந்த கோட்டுகளைக் காட்டி, ‘எந்தக் கோட்டுக்கா வைக்கட்டும்?’ என்று கேட்டான். அந்தம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, நீலத்தில் ஒன்றைக் காட்டினார். ‘கழுத்து கொஞ்சம் லூசா வைப்பா, அவருக்கு இறுக்கமா போட்டா புடிக்காது’ என்றார். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டுப் போட்டிருக்கவே மாட்டார். எழுபது வருசத்துக்கு முந்தின செங்கல்பட்டு ஸ்டுடியோவுக்கும் இதற்கும் எந்திரம்தான் வேறு.

பழனிக்குமார் குழந்தைகளுக்குக் கேமரா கற்றுத் தருகிறார். அந்த மாதிரி வகுப்புகள் இப்போது பல இடத்தில் நடக்கின்றன. போன வருசம் பெரும்பாக்கத்தில் பிள்ளைகள் எடுத்த படங்களைத் தோழர்கள் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பெண் தன் அம்மாவை எடுத்திருந்தாள். அம்மா ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் துப்புரவு வேலை. காலையில் வந்ததும் யூனிஃபார்மோடு எடுக்கப் போயிருக்கிறாள். ‘இருடி, தலையாவது வாரிட்டு வரேன்’ என்று அம்மா கத்தியிருக்கிறார். பொண்ணு காத்திருந்தாள். வாரிக்கொண்டிருப்பதை எடுத்தாள், வாரி முடித்துப் பூ வைத்து நின்றதையும் எடுத்தாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கீழே ஸ்கெட்ச் பேனாவில் அம்மாவின் பேர், இன்ஷியலோடு. எந்தப் படத்தை வீட்டில் மாட்டப் போறீங்க என்று கேட்டேன். அம்மா இரண்டாவதைக் காட்டினார், பொண்ணு முதலாவதைக் காட்டினாள். நான் கிளம்பும்போதும் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.